அம்பு ஸ்டிக்கர்

என் வேலை தப்புக் கண்டுபிடிப்பது.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம்,
ஒரு கை நீளம், ஒரு கை கட்டை.
ட்யூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி
அக்கட்டால தள்ளிவிடுவேன்.
ஷிப்டுக்கு அறுநூறு உருப்படி.
பெயர் கலாமணி. செக்கிங், மேசை நாலு.
திருப்பூர், பெருமாநல்லூர் ரோடு.

புதனும் சனியும் பொழுதோட ஆறரைக்கு
கேன்டீனில் இங்கிலீஷ் கிளாஸ்.
பையர் வந்தால் ரெண்டு வார்த்தை பேசணுமாம்.
துடைத்தும் சாம்பார் வாசம் போகாத மேசையில்
ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு.
"தினம் நாலு வரி, எதை வேண்டுமானாலும்.
நான் திருத்தமாட்டேன். உங்க ஜோடி படிப்பாங்க"
என்றார் ஜெனிபா மிஸ்.
திருத்தாத டீச்சருக்கு என்னத்துக்குச் சம்பளம் என்று
கை கழுவும் இடத்தில் நாயம் பேசினோம்.

பத்தாவதில் எனக்கு இங்கிலீஷ் முப்பத்தொன்று.
அந்தப் பேப்பரின் சிவப்பு மை
இன்னும் காயவில்லை போல.
முதல் வாரம் முழுக்க, தேதியை மட்டும் மாற்றி
'குட் மார்னிங்' என்று எழுதி வைத்தேன்.
அதில் தப்பு வராதல்லவா.

என் ஜோடி மினதி. ஒடிசாக்காரி, ஓவர்லாக் மிஷின்.
தமிழில் அவளுக்கு 'சாப்ட்டியா' தெரியும், 'சீக்கிரம்' தெரியும்.
அவள் பாஷையில் எனக்கு அதுகூடத் தெரியாது.
அவள் நோட்டு கைக்கு வந்ததும்
விரல் தானாக ஸ்டிக்கர் சுருளைத் தேடியது.
ஆறு வரியில் ஒன்பது அம்பு.
'கோ' இல்லை, 'வென்ட்'.
'பாத்ரூம்' ஒரு எழுத்து குறைகிறது.
'மதர்' முன்னால் 'மை' எங்கே?
ஒட்டி முடித்துக் கொடுத்த பிறகுதான் உறைத்தது,
என்ன எழுதியிருந்தாள் என்று
நான் படிக்கவே இல்லை.

என் நோட்டு திரும்பி வந்தது.
ஏழு குட் மார்னிங்குக்கும் கீழே, பென்சிலில்,
'சண்டே ஆல்சோ குட்?'

ஞாயிறு எங்கே நன்றாக இருந்தது!
வட்டிக்காரன் பைக் தெருமுனையில் திரும்பும்போதே
லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.
கேட்டுவிட்டாளே என்று எழுதினேன்.
பைக் ஸ்டாப். லைட் ஆஃப். வீ சிட்.
சன் ஆஸ்க், ஒய் டார்க்.
ஐ சே, கேம்.
அவ்வளவுதான்.
குக்கர் எத்தனை விசில் விட்டதென்று தெரியவில்லை.
பருப்பு அடிப்பிடித்துப் போயிருந்தது.

சனிக்கிழமை உதடு அசைய அசையப் படித்தாள்.
'கேம்' என்ற இடத்தில் விரலை வைத்து நின்றாள்.
பென்சிலை எடுத்தாள். வைத்தாள்.
திரும்ப எடுத்து எழுதினாள்,
'ஹூ வின்?'

நான் அவள் பழைய பக்கத்தை வாங்கி
அம்புகளை நகத்தால் உரித்தேன்.
சிலது எழுத்தையும் ஒட்டுக்காகப் பிடுங்கிக்கொண்டு வந்தது.
மிச்சத்தைக் கூட்டிப் படித்தால்,
குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்திருக்கிறாள்,
போன் வந்தபோது மினதி
எங்கள் ஆர்டருக்குக் கழுத்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.
அந்தக் கழுத்தையும் நான்தான் பார்த்திருப்பேன்.
பாஸ் போட்டிருப்பேன்.

ஓட்டை விழுந்த தாளில்
இடம் பார்த்து எழுதினேன்,
'மதர் நவ் வாக்?'
இலக்கணம் சரியா என்று கேட்காதீர்கள்.
அவள் தலையாட்டினாள். பிறகு, கொஞ்சம்தான் என்று
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நெருக்கிக் காட்டினாள்.

'வென்ட்' எப்போது வரும் என்று
இப்போது நாங்களே அடித்துக்கொள்கிறோம்,
டீ வேளையில், பன்னைப் பிய்த்துக்கொண்டே.
பாதி தப்பாகத்தான் தீர்ப்பாகிறது.

பையர் வந்தார். லேபிளைப் பார்த்தார்,
ஏ.சி. காருக்குத் திரும்பிப் போனார்.
ரெண்டு வார்த்தைகூடக் கேட்கவில்லை.
எனக்கும் அவசரம்.
யார் ஜெயித்தது என்று மினதிக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
நாலு வரியில் அடங்காது அது.
வட்டிக்காரன் கதவைத் தட்டியதிலிருந்து
ஆரம்பிக்க வேண்டும்.